ஸ்கோர் ஏத்த ஒரே வாரத்துல அஞ்சு கார்டா? தயவுசெஞ்சு வேண்டாம் (நீண்ட இழை)

1) "சிபில் ஸ்கோர் ஏறணுமா? ஒரே வாரத்துல நாலஞ்சு ஷாப்பிங் கார்டு போட்டுடுங்க." இந்த அறிவுரை ரீல்ஸ்ல சுத்துது, யூடியூப்ல சுத்துது, துணிக்கடை பில் கவுண்டர்ல சுத்துது. இப்போ எங்க ஆஸ்பத்திரி கேன்டீன் வரைக்கும் வந்துடுச்சு. இது தப்பான அறிவுரை. ஏன் தப்புன்னு கணக்கோட சொல்றேன். இழை கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2) "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை, ஊசி போட்டுட்டுப் போக வேண்டியதுதானே"ன்னு கமெண்ட் வரும், தெரியும். நான் பொருளாதாரம் படிச்சவன் இல்ல, வெறும் எம்பிபிஎஸ். ஆனா ஒரு விஷயம் எனக்குத் தெரியும். ரிப்போர்ட்ல இருக்குற நம்பரைப் பார்த்து பயந்து, தேவையில்லாத மருந்தைத் தானே வாங்கிச் சாப்பிட்டு, இல்லாத நோயை வரவழைச்சுக்கிட்டு வர்றவங்களை தினமும் ஓபியில பார்க்குறேன். இதுவும் அச்சு அசல் அதே கதை.

3) எங்க ஆஸ்பத்திரியில ஒப்பந்தத்துல வேலை பார்க்குற ஒரு லேப் டெக்னீஷியன் தம்பி. அவர்கிட்ட கேட்டு, அனுமதி வாங்கி, அடையாளத்தை மறைச்சு எழுதுறேன். ஊர்ல அப்பா வழியில வந்த ரெண்டே கால் சென்ட் இடம். அதுல ரெண்டு ரூம் போட்டு அம்மாவைக் குடி வைக்கணும். கைக்காசைப் போட்டு பேஸ்மட்டம் வரைக்கும் எழுப்பிட்டார். மீதிக்கு வீட்டுக்கடன் போடலாம்னு முடிவு பண்ணி சிபில் பார்த்தார். ஸ்கோர் 742.

4) 742 நல்ல ஸ்கோர்தாங்க. அளவுகோல் 300ல ஆரம்பிச்சு 900ல முடியுது. ஆனா அவர் பார்த்த வீடியோவுல "750க்குக் கீழே இருந்தா வங்கி வாசல்லயே நிறுத்திடுவான்"னு ஒருத்தர் அடிச்சுச் சொல்லியிருக்கார். அப்படி எல்லா வங்கிக்கும் பொதுவான கோடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு வங்கியும் தனக்குன்னு ஒரு அளவு வெச்சிருக்கு, சம்பளம், வேலை, இருக்குற கடன் எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்க்கும். தம்பிக்கு அது தெரியாது. எட்டு பாயின்ட் குறையுதேன்னு தூக்கம் போச்சு.

5) அடுத்த சனி, ஞாயிறு ரெண்டே நாள்ல ஏழு இடத்துல அப்ளை பண்ணார். ஆன்லைன் கடை பேர் போட்ட கார்டு, துணிக்கடை பேர் போட்ட கார்டு, பெட்ரோல் கார்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில ஒரு இஎம்ஐ கார்டு, ரெண்டு ஆப்ல "பே லேட்டர்", இன்னொன்னு என்னன்னு அவருக்கே ஞாபகம் இல்ல. நாலு கிடைச்சது, மூணு ரிஜெக்ட். ரெண்டு மாசம் கழிச்சு ஸ்கோர் பார்த்தா 703.

6) ஏன் குறைஞ்சது? முதல் காரணம், விசாரணை. நீங்க ஒவ்வொரு தடவை கார்டோ கடனோ கேட்கும்போதும் அந்த வங்கி உங்க ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும். அப்படிப் பார்த்த விவரமும் ரிப்போர்ட்லயே பதிவாகும். ரெண்டு நாள்ல ஏழு பேர் பார்த்திருந்தா எட்டாவதா பார்க்குறவன் என்ன நினைப்பான்? தெருவுல ஏழு வீட்டுல கைமாத்து கேட்டவர் எட்டாவது வீட்டுக்கு வந்தா நீங்க என்ன நினைப்பீங்களோ, அதேதான்.

(உங்க ஸ்கோரை நீங்களே பார்த்தா குறையாது. அந்த பயம் வேண்டாம்.)

7) "ஒரே நேரத்துல போட்டா எல்லாம் சேர்ந்து ஒரே விசாரணையாதான் கணக்காகும்"னு வீடியோவுல சொல்றாங்க. அது அமெரிக்காவுல, அவங்க ஃபைகோ ஸ்கோர்ல, வீடு, கார், படிப்புக் கடன்களுக்கு வட்டி விசாரிக்கிறவங்களுக்கு இருக்குற சலுகை. அங்கேயும் கிரெடிட் கார்டுக்கு அது கிடையாது. யாரோ அரைகுறையா மொழிபெயர்த்ததை இங்க சட்டம் மாதிரி பேசிக்கிட்டு இருக்காங்க.

8) சொல்லப்போனா இந்த மொத்த ஐடியாவே அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவுல பெரிய கடைகள் தங்கள் பேர்லயே கார்டு கொடுக்கும், கவுண்டர்லயே அப்ளை பண்ணலாம், சின்ன லிமிட், பெரிய வட்டி. சரி, அந்த ஊர்க் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். ஃபைகோ தன் ஸ்கோரை எப்படிப் பிரிக்குதுன்னு வெளிப்படையா சொல்லியிருக்கு: ஒழுங்கா கட்டின வரலாறு 35, எவ்வளவு கடன் நிலுவை 30, கணக்கோட வயசு 15, புதுக் கடன் 10, கடன் வகைகள் 10.

9) அஞ்சு கார்டை ஒண்ணா போட்டா என்ன ஆகும்? "புதுக் கடன்" அடி வாங்கும். "கணக்கோட வயசு" அடி வாங்கும். நிலுவை விகிதம் மட்டும் கொஞ்சம் மேம்படலாம். எல்லாத்துக்கும் மேல, 35 மார்க் இருக்குற "ஒழுங்கா கட்டுறது", அதுல தவறுறதுக்கு அஞ்சு புது வாசல் திறந்து வெச்சாச்சு. சிபில் கணக்கு அச்சா இதே மாதிரி இல்ல. ஆனா அங்கேயும் முதல்ல பார்க்குறது தேதி தவறாம கட்டுனீங்களாங்கிறதைத்தான்.

10) வயசுக் கணக்கைப் பாருங்க. தம்பிகிட்ட ஆறு வருஷப் பழைய கார்டு ஒண்ணு இருந்தது. அதாவது 72 மாசம். அதோட நாலு புது கணக்கு சேர்ந்ததும் சராசரி என்ன? 72ஐ அஞ்சால வகுத்தா 14 மாசம் சொச்சம். ஆறு வருஷம் பொறுமையா சேர்த்த நல்ல பேரை ஒரு வார இறுதியில ஒரு வருஷம் சொச்சமா சுருக்கிட்டார்.

11) இப்போ எதிர்த்தரப்போட நல்ல வாதத்துக்கு வர்றேன். அதையும் நேர்மையா பார்க்கணும். "லிமிட் 50,000. மாசம் 20,000 செலவு பண்றேன். அப்போ 40 சதவீதம் பயன்பாடு, அது ஸ்கோருக்கு நல்லதில்ல. இன்னும் கார்டு எடுத்து மொத்த லிமிட்டை 2 லட்சம் ஆக்கிட்டா அதே 20,000, பத்து சதவீதம்தான்." கணக்கு சரிதான். 30 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கணும்னு பொதுவா சொல்றதும் சரிதான்.

12) ஆனா அதுக்கு அஞ்சு கார்டு எதுக்கு? ஸ்டேட்மென்ட் போடுற தேதிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே 15,000 கட்டிடுங்க. பில் 5,000தான் வரும். பத்து சதவீதம். செலவு: பூஜ்யம். 2025 ஜனவரியில இருந்து வங்கிகள் 15 நாளுக்கு ஒரு தடவையாவது விவரம் அனுப்பணும்னு ரிசர்வ் வங்கி விதி, அதனால முன்னாடியே கட்டினது சீக்கிரமே ரிப்போர்ட்லயும் தெரியும். இல்லன்னா ஒழுங்கா கட்டின பழைய கார்டுலயே லிமிட்டை ஏத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. புதுக் கணக்கும் வராது, வயசும் குறையாது.

13) "ஸ்கோர் ஏறினதும் கார்டை மூடிடுவேன்." மூடினா அந்த லிமிட்டும் போயிடும். மறுபடி அதே 40 சதவீதம். அப்போ எதுக்கு எடுத்தீங்க?

"மூட மாட்டேன், பீரோவுல சும்மா வெச்சிருப்பேன்." ஒரு வருஷத்துக்கு மேல பயன்படுத்தாத கார்டை, உங்களுக்குத் தகவல் சொல்லிட்டு மூட வங்கி நடவடிக்கை எடுக்கணும்னு விதியே இருக்கு. சும்மா வெச்சிருந்தாலும் நிலைக்காது.

14) சும்மா வெச்சிருந்த கார்டு என்ன பண்ணுச்சுன்னு தம்பி கதையில பாருங்க. துணிக்கடை கார்டை வரவேற்பு வவுச்சருக்காக ஆக்டிவேட் பண்ணார். வவுச்சர்ல அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்தார். அதுக்கப்புறம் கார்டைத் தொடவே இல்ல. முதல் வருஷம் இலவசம். ரெண்டாவது வருஷம் ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90. மொத்தம் 590 ரூபாய். பில் எப்பவோ கொடுத்த ஒரு இமெயிலுக்குப் போச்சு. எஸ்எம்எஸ் வந்தது, கடை விளம்பரம்னு நினைச்சு தள்ளிட்டார்.

15) 590 கட்டலை. தாமதக் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி, வட்டி, அதுக்கும் ஜிஎஸ்டி. அடுத்த மாசமும் அதே. மூணாவது மாசம் வீட்டுக்கடனுக்கு வங்கியில உட்கார்ந்தப்போதான் தெரியுது, ரிப்போர்ட்ல 60 நாள் தாண்டின பாக்கி. ஸ்கோர் 650க்கும் கீழே. ஆறு வருஷம் ஒரு தவணைகூட தவறாத மனுஷன். ஒரு ரூபாய்கூட கடனா எடுத்துச் செலவு பண்ணாத கார்டு. 590 ரூபாய்.

வங்கி மேனேஜர் திட்டல. "ஒரு வருஷம் ஒழுங்கா ஓடட்டும் தம்பி, அப்புறம் வாங்க"ன்னு அனுப்பிட்டார்.

16) "அது அவரோட கவனக்குறைவுதானே?" ஆமா. கவனக்குறைவுதான். ஆனா நைட் டூட்டி, ஸ்பெஷல் டூட்டி, அம்மா உடம்பு, கட்டட வேலை, இதுக்கு நடுவுல அஞ்சு கணக்கு, அஞ்சு ஆப், அஞ்சு பில் தேதி, அஞ்சு கடைசித் தேதி. மருந்துச்சீட்டுல ஒரு மாத்திரை எழுதினா எல்லாரும் சரியா சாப்பிடுவாங்க. ஒன்பது மாத்திரை எழுதினா பாதிப்பேர் ஏதோ ஒண்ணை விட்டுடுவாங்க. பேஷன்டைத் திட்டி பிரயோஜனம் இல்ல, தேவையில்லாம ஒன்பது எழுதினவரைத்தான் திட்டணும்.

17) "எங்கிட்ட ஆறு கார்டு இருக்கு, ஸ்கோர் 810. நீங்க சும்மா பயமுறுத்துறீங்க." வாழ்த்துகள், நிஜமாவே. ஆனா "எங்க தாத்தா தினம் ரெண்டு கட்டு பீடி குடிச்சு 90 வயசு வரைக்கும் இருந்தார்"னு ஓபியில சொல்ற அண்ணன்களுக்கு நான் சொல்ற பதில்தான் உங்களுக்கும். தாத்தா பிழைச்சார். பிழைக்காத தாத்தாக்களோட பேரன்கள் வந்து கமெண்ட் போடுறதில்ல. அதோட நீங்க அந்த ஆறையும் ஒரே வாரத்துல எடுத்தீங்களா, பத்து வருஷத்துல ஒவ்வொண்ணா எடுத்தீங்களா?

18) இஎம்ஐ கார்டும் பே லேட்டரும் இன்னும் மோசம், ஏன்னா அது கடன்னே நிறைய பேருக்குத் தெரியல. இஎம்ஐ கார்டுல மிக்ஸி வாங்கினா அது ஒரு கடன். அடுத்த மாசம் போன் வாங்கினா அது இன்னொரு கடன். ரிப்போர்ட்ல தனித்தனி வரியா நிக்கும். பே லேட்டர்ல 300 ரூபாய்க்கு பிரியாணி வாங்கினாலும், நீங்க பேரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்தோட கடனா அது பதிவாகலாம். "இது யாருன்னே தெரியல டாக்டர்"னு தம்பி காட்டின வரி அப்படி வந்ததுதான்.

19) வட்டியைப் பேசாம இந்த இழை முடியாது. நம்ம ஊர்ல "மூணு வட்டி"ன்னா, நூத்துக்கு மாசம் மூணு ரூபாய், முகத்தைச் சுளிப்போம். "அஞ்சு வட்டிக்காரன்"னா தெருவே ஒதுங்கும். கந்துவட்டிக்கு எதிரா தமிழ்நாட்டுல 2003லயே சட்டம் போட்டாங்க. இப்போ உங்க கார்டு கட்டண அட்டவணையை எடுத்துப் பாருங்க. மாசம் 3.5 சதவீதம், பல கார்டுல அதுக்கும் மேல. தமிழ்ல சொன்னா மூன்றரை வட்டி! பளபளன்னு பிளாஸ்டிக்ல வந்ததால நமக்கு உறைக்கல.

20) வருஷத்துக்கு 42 சதவீதம். அந்த வட்டிக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா கிட்டத்தட்ட 50. முன்னாடி 30 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கக் கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல ஒரு உத்தரவு போட்டது. 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. அந்த உச்சவரம்பும் இப்போ இல்ல. உங்க கையைத் தவிர வேற பிரேக் கிடையாது.

21) "மினிமம் கட்டினா போதும்"னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. பாக்கி 40,000. மினிமம் 5 சதவீதம், 2,000 கட்டுறீங்க. மாச வட்டி 1,400. அதுக்கு ஜிஎஸ்டி 252. ஆக 1,652 வட்டிக்கே போச்சு. அசல்ல குறைஞ்சது 348 ரூபாய். அதோட, முழுசா கட்டாத மாசத்துல வட்டியில்லாத அவகாசமும் போயிடும். புதுசா தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்ச்ச நாள்ல இருந்தே வட்டி. இதே நிலைமை அஞ்சு கார்டுல நடந்தா யோசிச்சுப் பாருங்க.

22) அப்போ ஸ்கோர் முக்கியம் இல்லையா? ரொம்ப முக்கியம். அதை நான் மறுக்கவே இல்ல. 20 லட்சம் வீட்டுக்கடன், 20 வருஷம். 8.5 சதவீத வட்டின்னா மாசத் தவணை சுமார் 17,360. அதுவே 10.5 சதவீதம்னா சுமார் 19,970. வித்தியாசம் மாசம் 2,600 சொச்சம், மொத்தமா ஆறே கால் லட்சம். நல்ல ஸ்கோருக்கு இவ்வளவு மதிப்பு இருக்கு. அதனாலதான் அதை வெச்சு விளையாடாதீங்கன்னு கத்துறேன்.

23) காசு மட்டும் இல்ல, வேலையும் இதுல மாட்டும். ஒரு பொதுத்துறை வங்கிக்கு அதிகாரியா தேர்வான ஒருத்தரோட நியமனத்தை, கடன் வரலாறு சரியில்லன்னு வங்கி ரத்து பண்ணுச்சு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2025ல நீதிமன்றம் வங்கி பக்கம்தான் நின்னுச்சு. வங்கித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் இந்த 23ஐ மட்டுமாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

24) சரி, இந்த அறிவுரையை யார் கொடுக்குறா? வீடியோ போடுறவர் டிஸ்கிரிப்ஷன்ல பாருங்க, அஞ்சு கார்டுக்கும் அஞ்சு லிங்க் இருக்கும். அது வழியா நீங்க கார்டு எடுத்தா அவருக்கு கமிஷன். கவுண்டர்ல "ஒரு நிமிஷம் சார், பத்து பர்சன்ட் தள்ளுபடி"ன்னு கூப்பிடுற பையனுக்கு மாச டார்கெட். அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல, அவனும் சம்பளத்துக்கு ஓடுறவன். ஆனா மருந்து கம்பெனி ரெப்கிட்ட போய் "எனக்கு இந்த மருந்து தேவையா"ன்னு கேட்டா அவர் என்ன சொல்வார்? அப்படித்தான் இதுவும்.

25) சுகர் டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்துட்டு "பாருங்க டாக்டர், நார்மல்"னு காட்டுற பேஷன்ட் நிறைய பேர். நாங்க ஹெச்பிஏ1சி எடுத்துடுவோம். மூணு மாசத்துச் சராசரி அதுல வந்துடும், ஏமாத்த முடியாது. கிரெடிட் ரிப்போர்ட்டும் அப்படித்தான். கடைசி 36 மாசம், மாசா மாசம் எத்தனை நாள் தாமதம்னு கட்டம் கட்டமா காட்டும். ஒரு வாரத்துல ஏத்திக் காட்டுற வித்தை எதுவும் அதுகிட்ட பலிக்காது.

26) அப்போ என்னதான் பண்றது? இதோ என் சீட்டு. ஒரு வேளை மருந்துதான்.

ஒண்ணு: ஒரே ஒரு கார்டு. உங்க சம்பளக் கணக்கு இருக்குற வங்கியிலயே கேளுங்க. கடன் வரலாறே இல்லாதவங்க, ஒரு சின்ன ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதுமேல கார்டு வாங்குங்க. ஏறக்குறைய ஆறு மாசத்துல ஸ்கோர் உருவாகத் தொடங்கும்.

ரெண்டு: "முழுத் தொகை"க்கு ஆட்டோ டெபிட். மினிமத்துக்கு இல்ல.

மூணு: கார்டை வெச்சு ஏடிஎம்ல பணம் எடுக்கவே எடுக்காதீங்க. முதல் நாள்ல இருந்தே வட்டி.

நாலு: வங்கியில வெச்ச நகைக்கடனும் ரிப்போர்ட்ல வரும். அதையும் தேதி தவறாம கட்டுங்க.

27) ஏற்கெனவே அஞ்சு கார்டு எடுத்தவங்களுக்கு. முதல்ல ரிப்போர்ட்டை எடுங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க், நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். 2017ல இருந்தே விதி. "ஃப்ரீ ஸ்கோர்" ஆப் எதுவும் வேண்டாம், பாதி ஆப் அங்கேயே இன்னொரு கார்டைத் தலையில கட்டும். நேரா அவங்க இணையதளத்துல எடுங்க. தெரியாத கணக்கு, தப்பான பாக்கி இருந்தா புகார் போடுங்க. 30 நாள்ல சரி பண்ணலன்னா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வரணும்.

28) அப்புறம், பழைய கார்டை விட்டுடாதீங்க, அதுதான் உங்க வயசு. ஆண்டுக் கட்டணம் கேட்குற, பயன்படாத புதுக் கார்டுகளை மூடுங்க. பாக்கியை முழுசா கட்டிட்டு எழுத்துல கேளுங்க. ஏழு வேலை நாள்ல மூடணும், தாமதமானா நாளுக்கு 500 ரூபாய் அவங்க உங்களுக்குத் தரணும். பதிலே இல்லையா? முதல்ல அவங்களுக்கே புகார், 30 நாள் பொறுங்க, அப்புறம் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேன். விவரத்துக்கு 14448.

29) "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்"னு யாராவது போன் பண்ணா உடனே தலையாட்டாதீங்க. கட்டி முடிச்ச கணக்கு "குளோஸ்டு"ன்னு வரும். அது "செட்டில்டு"ன்னு வரும். இந்த ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் அடுத்த வங்கிக்கு நல்லாவே தெரியும். முடிஞ்சா தவணையா பிரிச்சு முழுசா கட்டக் கேளுங்க. ஒரு நல்ல செய்தியும் இருக்கு: கடைசித் தேதி தாண்டி மூணு நாள் வரைக்கும் தாமதக் கட்டணமும் போடக் கூடாது, ரிப்போர்ட்லயும் ஏத்தக் கூடாது. இன்னைக்குத் தவறவிட்டிருந்தா இப்பவே கட்டுங்க.

30) கடை கவுண்டர்ல ஒரே ஒரு எச்சரிக்கை. "சும்மா ஓடிபி மட்டும் சொல்லுங்க சார்." அந்த ஓடிபிதான் உங்க கையெழுத்து. கேட்காமலே கார்டு வீட்டுக்கு வந்தா ஆக்டிவேட் பண்ணாதீங்க. 30 நாள் தாண்டினா உங்க சம்மதத்தை ஓடிபி மூலமா அவங்க கேட்டாகணும். நீங்க கொடுக்கலன்னா காசு வாங்காம மூடியாகணும். கேட்காத கார்டுக்கு பில் போட்டா அதைத் திருப்பித் தரணும், அதுல ரெண்டு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தரணும். விதி உங்க பக்கம் இருக்கு. ஓடிபி சொல்ற வரைக்கும்தான்.

31) இதை ஏன் இவ்வளவு ஆவேசமா எழுதுறேன்னா, ராத்திரி கேஷுவாலிட்டியில "கடன் தொல்லை"ன்னு கேஸ் ஷீட்ல எழுதின நாள்கள் எனக்கு இருக்கு. அதுல சிலர் சின்ன வயசு. தொகையைக் கேட்டா நெஞ்சு அடைக்கும், அவ்வளவு சின்னது. உங்களுக்கோ, உங்க வீட்டுல யாருக்கோ அந்த எண்ணம் வந்தா 104 இல்லன்னா 14416க்குப் பேசுங்க. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது, மிரட்டவும் கூடாது. கார்டு பாக்கி பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். வீட்டுல சொல்லுங்க, திட்டு விழும், அவ்வளவுதான்.

32) தம்பி இப்போ மூணு கணக்கை மூடிட்டார். பழைய கார்டையும் பெட்ரோல் கார்டையும் மட்டும் வெச்சிருக்கார், ஆட்டோ டெபிட் போட்டாச்சு. ஸ்கோர் மெதுவா ஏறுது, போன வாரம் 681. ஊர்ல பேஸ்மட்டத்து மேல புல் முளைச்சு நிக்குது. அம்மா இன்னும் வாடகை வீட்டுலதான். "742லயே போய்க் கேட்டிருக்கலாம் டாக்டர்"னு டீ குடிக்கும்போது சொன்னார். எனக்கு பதில் சொல்லத் தெரியல. அதனால உங்களுக்கு எழுதுறேன்.

33) வீட்டுக்கடன் போடப் போறீங்களா? இருக்குற ஸ்கோரோட முதல்ல வங்கிக்குப் போய் ஒரு தடவை கேளுங்க. அதுக்கு ஆறு மாசம் முன்னாடியும், கடன் கைக்கு வர்ற வரைக்கும், புதுசா எந்தக் கார்டும், எந்த இஎம்ஐயும், எந்த பே லேட்டரும் வேண்டாம். உங்க வீட்டுல முதல் சம்பளம் வாங்கின பையனோ பொண்ணோ இருந்தா இந்த இழையை இன்னைக்கே அனுப்பிடுங்க. வர்ற தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது கவுண்டர்ல கேட்பாங்க. "வேண்டாங்க"ன்னு சொல்லிட்டு, துணியை மட்டும் எடுத்துட்டு வாங்க.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.